டூப்பு பில்லும் ஐந்து கிலோ டீத்தூளும்

போன மாதம் என் பழைய அலுவலகத்துக்கு ஒரு நடை போயிருந்தேன். இப்போது அங்கே ஏசி, நாலு கம்ப்யூட்டர், காகிதமே இல்லாத மேஜைகள். புதிதாகச் சேர்ந்த திவ்யா என்ற பெண் திரையைப் பார்த்து அலுத்துக்கொண்டாள். “ஆன்ட்டி, இப்பல்லாம் வரி விசாரணையே ஆன்லைன்லதான். ஆபீசர் யாரு, எந்த ஊருன்னே தெரியாது. இந்தக் கட்டத்துக்குள்ள விளக்கத்தை அடிச்சு அனுப்பிட்டு உக்காந்திருக்கணும். நீங்கல்லாம் நேர்லயே போவீங்களாமே, பயமா இருக்காதா?”

பயமா! “அடிப் பொண்ணே, ஒரு தடவை நாங்க சாட்சிக்கு ஒரு ஸ்டண்ட்காரரையே கூட்டிக்கிட்டுப் போனோம்” என்றேன். நாலு பேரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அவசரத்தில் அவர்களிடம் சொன்னது பாதிதான். முழுவதையும் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். ஏனென்றால் அந்தக் கேஸைக் கெடுத்ததே நான்தான்.

என் பெயர் ஸ்டெல்லா. மண்ணூர்பேட்டையில் பிறந்து, அம்பத்தூரிலேயே முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அப்பா அங்கே தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். “கிரீஸ் கை என்னோட போவட்டும், நீ பேனாவப் புடி” என்று பி.காம். படிக்கவைத்தார். டைப்ரைட்டிங்கும் ஹையர் பாஸ் செய்துவிட்டு, எண்பதுகளின் நடுவில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருந்த ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் நான் செய்தது ஒன்றே ஒன்று, கூட்டினேன். மேலிருந்து கீழே கூட்டினேன், கீழேயிருந்து மேலே கூட்டினேன். வருகிறவர்கள் எல்லாரும் பட்டறை முதலாளிகள். செலவு என்றால் இரும்பு, டீசல், கூலி, அவ்வளவுதான். மத்தியானம் ஆனால் தூக்கம் சொக்கும்.

ஆடிட்டர் வேதமூர்த்தி சார் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பியில் சோம்பு வைத்திருப்பார். யோசிக்கும்போது இரண்டு சோம்பை வாயில் போட்டுக்கொண்டு, “அப்படியா?” என்பார். ஒரு “அப்படியா” வந்தால் நாம் யோசிக்க வேண்டும். இரண்டு வந்தால் முதலிலிருந்து கூட்ட வேண்டும். மூன்று வந்தால் தொலைந்தோம்.

பில் பார்க்கிற முறை ஒன்று அவரிடம் இருந்தது. அதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள். “பில்லைப் படிக்கிறதுக்கு முன்னாடி பில்லைப் பாரும்மா” என்பார். முதலில் மடிப்பு. கடையில் வாங்கிய பில் பர்ஸிலோ சட்டைப் பையிலோ ஒரு நாளாவது இருந்திருக்கும், மடியாமல் வராது. மடிப்பே இல்லாமல் மொடமொடவென்று பத்து பில் வந்தால் அவை ஒரே மேஜையில் ஒரே நாளில் எழுதியவை. அடுத்தது ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், எண்ணைத் திருத்தியிருந்தால் தெரிந்துவிடும். கடைசியாக முகர்ந்து பார்ப்பார். சிரிக்காதீர்கள், மெய்யாகவே முகர்ந்து பார்ப்பார். பட்டறை பில்லில் ஆயில் வாடை வர வேண்டும், ஓட்டல் பில்லில் சாம்பார் வாடை வர வேண்டும். புது மை வாடை மட்டும் வந்தால் அந்த பில்லைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை, மாடிப்படியில் தொம் தொம் என்று சத்தம். ஒரு பெண்மணி பெரிய தலையணை உறை ஒன்றை ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப், புடவை முந்தானையில் வரிசையாக ஏழெட்டு குண்டூசி.

“சார், நான் காஸ்ட்யூமர், பேரு புஷ்பம். நசரத்பேட்டையில வாடகை ஷெட்டு. சினிமா, நாடகம், ஸ்கூல் ஆண்டு விழா, கோயில்ல ஏசு பாடுபடுற பாஸ்கா, எல்லாத்துக்கும் வேஷத் துணி தெச்சித் தரேன். எனக்கு சம்பளம் கெடையாது, மொத்தமா காண்ட்ராக்டு. போன வருஷம் கம்பெனிக்காரன் வரின்னு புடிச்சிகினு மிச்சம்தான் செக்கு குடுத்தான். இன்னாடான்னா, கணக்கு குடு, திரும்பி வரும்ன்றான். இந்தா கீது சார் கணக்கு.”

உறையைக் கவிழ்த்தார். மேஜை கொள்ளவில்லை. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பில்லை எடுத்தார். நாலாக மடிந்திருந்தது. வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். இன்னொன்றை முகர்ந்தார். “எல்லா பில்லும் டீ வாசனை அடிக்குதே!” என்றார்.

அங்கே ஆரம்பித்தது கூத்து. மூன்று நாள் உட்கார்ந்து நாலு குவியலாகப் பிரித்தோம். பில் இருப்பது ஒன்று. பில் இல்லாமல், கூலி வாங்கியவரின் கையெழுத்தும் ரெவின்யூ ஸ்டாம்பும் மட்டும் உள்ள வவுச்சர் ஒன்று. கரண்ட் பில், ஆட்டோ மாதிரி வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவானவை ஒன்று, அதில் தொழிலுக்கு எவ்வளவு பங்கு என்று நியாயமாகப் பிரிக்க வேண்டும். நாலாவது, செலவில் காட்டவே முடியாதவை. நான் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, சார் விரலால் எந்தக் குவியல் என்று காட்டுவார்.

“டீத்தூள், அஞ்சு கிலோ” என்று படித்தேன்.

சாரின் விரல் நாலாவது குவியலுக்குப் போனது. “உங்க வீட்டுல எத்தனை பேரும்மா?”

“நானும் எங்கம்மாவும் சார்.”

“அப்படியா?”

“ஐயே, குடிக்க இல்ல சார்! வெள்ளத் துணிய அப்படியே கேமரா முன்னாடி நிறுத்துனா பளீர்னு கண்ணக் கூசும், ஆளு மூஞ்சே தெரியாது. டீத்தண்ணியில முக்கி எட்த்தா அடங்கிடும். அப்பத்தான் வெள்ள வெள்ளையாத் தெரியும்.”

சார் விரலை எடுத்துவிட்டார். அடுத்து தேங்காய்த் துருவி இரண்டு. “காலர்ல நாலு தேய் தேச்சா பத்து வருஷம் போட்ட சட்டையாட்டம் ஆயிடும் சார்.” செங்கல் தூள், புழுதிக்கு. உப்புத்தாள், முழங்கால் நைந்து போக. எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. லேத் பட்டறைக் கணக்கில் இப்படி ஒரு வரி வருமா? சார் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “புதுசா வாங்கி, அதுக்கு மேல செலவு பண்ணிப் பழசாக்குற தொழிலை இப்பத்தாம்மா பார்க்கிறேன்!”

ஆனால் புஷ்பம் அக்கா தன் பட்டுப்புடவை பில் ஒன்றையும் நடுவே செருகியிருந்தார். “பூஜை போட்ட அன்னிக்கு ஸ்டுடியோக்குக் கட்டிகினு போனது சார், அதுவும் தொழிலுதானே?” சார் அதை மட்டும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். “தொழிலுக்காகவே, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே ஆன செலவுன்னாத்தான் சட்டம் கழிக்க விடும். அடுத்தவங்களுக்கு உடுத்திவிட்டா செலவும்மா. நாம உடுத்திக்கிட்டா அது ஆசை.”

முதல் வருடம் சிக்கல் இல்லாமல் போயிற்று. பிடித்த வரியில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அக்கா அலுவலகத்துக்கே மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார். வினை இரண்டாம் வருடத்தில் வந்தது.

அந்த வருடம் அக்காவுக்கு ஒரு பெரிய படத்தின் சண்டைக்காட்சி கிடைத்திருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடி தனியாக ஒரு நோட்டுப் போட்டு, பில்களைத் தலைப்பு வாரியாகக் கட்டி அனுப்பியிருந்தார். ஒரு கட்டின் மேல் ‘ஹீரோ பில்’ என்று எழுதியிருந்தது. இன்னொரு கட்டின் மேல் ‘டூப்பு பில்’.

இரண்டிலும் அதே சட்டைக்குத் துணி, வேறு வேறு கடை. கணக்குக் கொடுக்கக் கடைசி வாரம். அலுவலகம் முழுக்கக் கோப்பு, டைப்ரைட்டரில் என் விரல் வீங்கிக் கிடந்தது. எங்கள் பேட்டையில் டூப்பு விடுகிறான் என்றால் புளுகுகிறான் என்று அர்த்தம். அக்கா அந்த அர்த்தத்தில் எழுதியிருக்க மாட்டார் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. வேறு என்ன அர்த்தம் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமா இல்லையா? பக்கத்து மளிகைக்கடைக்குப் போன் செய்தால் கூப்பிட்டு விடுவார்கள். கேட்கவில்லை. டூப்பு, டூப்ளிகேட், சரிதான் என்று நானே முடிவு செய்து, ஆங்கிலத்தில் ‘டூப்ளிகேட் பில்கள்’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு அடித்து, கீழே கோடும் போட்டேன். இருநூறு பக்கத்துக்கு நடுவில் அது ஒரு பக்கம். சார் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கணக்கை முழுவதுமாக விசாரிக்க வேண்டுமாம். நோட்டீஸ் வந்த நேரம் பார்க்க வேண்டுமே! அக்கா வாடகைக்கு இருந்த ஷெட்டை அதன் சொந்தக்காரர் விற்கிறார். அக்கா சேர்த்து வைத்ததையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிட்டார். மீதிக்கு பாங்க் லோன். பாங்க்காரர்கள், வரி விசாரணை முடிந்து உத்தரவைக் காட்டினால் லோன் என்று சொல்லிவிட்டார்கள். ஈஸ்டருக்குள் மீதியைக் கட்டாவிட்டால் ஷெட் வேறு ஆளுக்கு. முன்பணமும் திரும்பாது. அந்த ஷெட்டில் ஆறு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் விசாரணைக்கு சார், அக்கா, கோப்புப் பை தூக்கிக்கொண்டு நான். அதிகாரி ஒல்லியான மனிதர். பேச்சு கம்மி, கையில் ஒரு சிவப்புப் பென்சில். எங்கள் கணக்கில் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஆடிட்டர் சார், போலி பில் போடறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். ஆனா ‘டூப்ளிகேட் பில்கள்’னு தலைப்புப் போட்டு, கோடும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்.”

அதிகாரி நிதானமாகத் தொடர்ந்தார். ஒரே சட்டைக்கு இரண்டு முறை துணி வாங்கியதாக பில். அதோடு அந்த வருடமும் ஒரு வீட்டுக்கு ஐந்து கிலோ டீத்தூள். இரண்டையும் செலவாக ஏற்க முடியாது. போலி பில் என்று உத்தரவில் எழுதி, அபராதமும் போட வேண்டியிருக்கும். சொல்ல ஏதாவது இருந்தால் பத்து நாள் கழித்து வந்து சொல்லலாம்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். நானே சொல்லிவிட்டேன். “சார், அந்தத் தலைப்பு நான் அடிச்சது. அக்கா எழுதினது டூப்பு பில். எனக்கு அர்த்தம் தெரியல, கேட்கவும் இல்ல.”

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. “அடிப் பாவி! டூப்புன்னா ஃபைட்டுல ஹீரோக்குப் பதிலா குதிக்கிறவன்டி! ஹீரோக்கு ரெண்டு சட்ட, டூப்புக்கு நாலு சட்ட. எரியறதுக்கு ஒண்ணு, சேத்துல வுழறதுக்கு ஒண்ணு. சினிமாவே பாக்க மாட்டியா நீ? நான் இன்னா திருட்டுக் கணக்கா எய்தினேன்? எம் ஷெட்டு போச்சுடி!”

சார் சோம்பு டப்பியைத் திறந்தார். “அப்படியா?” என்றார் என்னைப் பார்த்து. கொஞ்சம் நடந்தார். “அப்படியா?” பஸ் நிறுத்தம் வந்தது. “அப்படியா?”

மூன்று ஆகிவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சார் சொன்னது வேறு. “எழுத்துப் பிழைன்னு நான் ஒரு கடுதாசி கொடுக்கலாம். மாட்டிக்கிட்ட பிறகு சொல்ற கதைன்னுதான் அவர் நினைப்பார், அவர் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அந்த நாலு சட்டை உண்மையிலேயே இருந்ததுன்னு காட்டணும். இல்லைன்னா தோத்துடுவோம். தலைப்பு நீ போட்டது, அதனால சட்டையை நீதான் தேடணும்.”

மறுநாள் காலையே நசரத்பேட்டைக்குப் போய் நின்றேன். அக்கா மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, அவரே எழுந்து ஒரு பெரிய நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் துணித் துண்டுகள், குண்டூசி குத்தி. எந்தப் படம், யாருக்கு, எந்தக் கடை, எத்தனை முறை டீயில் முக்கியது, எல்லாம் பக்கத்திலேயே பென்சிலில். “இன்னாக்கா இது! இத்த ஏன் குடுக்கல?” என்று கத்தினேன்.

“நீ பில்லுதானே கேட்ட? துணியக் கேட்டியா?” என்றார்.

அந்தச் சண்டைக்காட்சிப் பக்கத்தில் இரண்டு துண்டு இருந்தது. ஹீரோவுக்கு நல்ல கடையில் வாங்கிய விலை கூடிய சந்தன நிறத் துணி. டூப்புக்கு மலிவான வெள்ளைத் துணி, டீயில் மூன்று முறை முக்கி ஹீரோவின் நிறத்துக்குக் கொண்டுவந்தது. எரிக்கப்போகிற சட்டைக்கு யார் விலை உயர்ந்த துணி வாங்குவார்கள்? அதனால்தான் இரண்டு கடை, இரண்டு பில். நாலு சட்டையில் மூன்று எரிந்தும் கிழிந்தும் போய்விட்டன. ஒன்றை மட்டும் டூப்பு போட்டவர் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். பெயர் கஜேந்திரன், கஜா. வீடு ஆவடியில்.

“எழுந்திரிக்கா” என்றேன். மிஷினை நிறுத்திவிட்டு அக்காவும் கிளம்பினார். பூந்தமல்லி வந்து பஸ் மாறி ஆவடி போய்ச் சேர்வதற்குள் வழியெல்லாம் என்னைத் திட்டினார். திட்டினாரே, அதுவே எனக்குப் பாதி தெம்பு.

கஜா வீட்டில் இல்லை. வாசலில் அவர் மனைவி, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பெண்ணோடு மும்முரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். “இம்மாந்துணிக்கு ஒரு டம்ளரா? ஒரு கிண்ணியாவது சேத்துக் குடு.” நடுவில் துணி மூட்டை. அதன் மேலாக, சந்தன நிறத்தில், தோளில் கருகிய ஓட்டையோடு ஒரு சட்டை!

அக்கா ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அதை உருவினார். பாத்திரக்காரப் பெண் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மே, பேசி முட்ச்சாச்சு, அது என்து!”

“கைய எடு! அது சட்ட இல்லமே, எம் ஷெட்டு!” என்று அக்கா கத்தினார். தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. நான் கைப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்துப் பாத்திரக்காரியின் கையில் வைத்தேன். அதற்கு வவுச்சர் வாங்க மறந்துவிட்டேன் என்பதை வேதமூர்த்தி சாரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

கஜா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தினார். “இன்னாக்கா, டூப்பே கெடையாதுன்றாரா ஆபீசரு? கல்குவாரி மேல இருந்து குதிச்சவன் நானு. முட்டியில கட்டு இன்னும் கீது. நானே வரேன்க்கா.”

பத்தாம் நாள். சார், அக்கா, நான், கஜா. அதிகாரியின் அறையில் மூன்று நாற்காலிதான். கஜா சுவரோரம் நின்றார். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். உள்ளே வந்ததிலிருந்து அதிகாரியின் கண் அந்தக் கருகிய ஓட்டை மேலேயே இருந்தது.

“இவர் யார்?”

சார் வாயைத் திறப்பதற்குள் கஜா ஒரு அடி முன்னால் வந்து பெரிய சல்யூட் அடித்தார். “நான்தான் சார் டூப்பு!”

பக்கத்து அறையிலிருந்து கிளார்க் ஒருவர் எட்டிப் பார்த்தார். அதிகாரி சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். சார் எழுந்து, “தலைப்பு எங்க அலுவலகத்தோட தவறு. என் கட்சிக்காரர் எழுதினது டூப்பு பில்” என்று சொல்லி, அக்காவின் மூல நோட்டைக் காட்டினார். தவறு யாருடையது என்று பெயர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

“நோட்டை நேத்துகூட எழுதலாம்” என்றார் அதிகாரி.

அப்போதுதான் அக்கா எழுந்தார். “கஜா, திரும்புடா.” சட்டையின் இரண்டு விலாப் பக்கமும் விரலை விட்டுக் காட்டினார். தையல் மடிப்புக்குள் ஒளிந்தபடி பக்கத்துக்கு ஒரு பிளவு. “பாரு சார். உள்ள பெல்ட்டு கட்டி, இது வழியாத்தான் கயிறு வரும். கயித்துல தொங்கறவனுக்குத்தான் இந்த ஓட்ட வேணும். நீ போட்டுகினு கீற சட்டையில இது கீதா?”

அதிகாரியின் கை தன் விலாப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. நான் பார்த்தேன்!

அக்கா அதோடு விடவில்லை. துணி நோட்டிலிருந்து இரண்டு துண்டுகளையும் குண்டூசி நீக்கி எடுத்து, மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ஒண்ணு ஹீரோ, ஒண்ணு டூப்பு. ஒண்ணு நல்ல துணி, ஒண்ணு மலிவுத் துணி டீயில முக்குனது. எது எதுன்னு சொல்லு சார். கரெக்டா சொல்ட்டா நான் கணக்கே கேக்காம கெளம்பிடறேன்.”

சார் திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தார். கட்சிக்காரர் இப்படிப் பந்தயம் கட்டினால் எந்த ஆடிட்டருக்குத்தான் பகீர் என்று இருக்காது! அதிகாரி இரண்டு துண்டையும் எடுத்தார். ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். வாசலில் இப்போது நாலு கிளார்க்குகள். கஜா மூச்சையே விடவில்லை.

வலது கைத் துண்டை நீட்டினார் அதிகாரி. “இதுதான் ஹீரோ.”

“மோந்து பாரு சார்” என்றார் அக்கா.

அதிகாரி முகர்ந்தார். முகர்ந்துவிட்டு அப்படியே நின்றார். அந்த மனிதரின் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக வந்ததே, அதைப் பார்க்கத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றியது. “டீ” என்றார்.

“அஞ்சு கிலோ சார்!” என்று நான் கத்திவிட்டேன். பேச எனக்கு அங்கே உரிமையே இல்லை. வேதமூர்த்தி சார் சோம்பு டப்பியை எடுத்து, அதிகாரியிடமே நீட்டினார். அவரும் இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் அன்றைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. “உத்தரவு தபாலில் வரும்” என்றார். அடுத்து வந்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே மாடியிலிருந்து ஓடுவேன். ஈஸ்டருக்கு ஒரு வாரம்தான் இருந்தது. குருத்து ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபால் வந்தது. அக்கா அன்றைக்கு அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தார். சார் கவரைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். “நீ படி.”

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுவதும் சட்டப் பிரிவுகள். கண்ணை ஓட்டிக்கொண்டே இரண்டாம் பக்கம் வந்தேன். துணி பில்கள் முழுவதும் ஏற்கப்பட்டன. டீத்தூளில் நாலு கிலோ தொழில் செலவாக ஏற்கப்பட்டது. ஒரு கிலோ மட்டும் வீட்டு உபயோகமாகக் கருதி நீக்கப்பட்டது. அபராதம் இல்லை. அதற்கு மேலே தனியாக ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

“இன்னாடி எய்திக்கீறாரு? வாயத் தொறந்து சொல்லுடி!” அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

இந்தத் தடவை நான் ஒரு வார்த்தையையும் அவசரமாக மொழிபெயர்க்கவில்லை. மூன்று முறை படித்து, சாரிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் சொன்னேன்.

“‘நேரில் விசாரித்ததில், டூப்ளிகேட் உண்மையானது என்று காணப்படுகிறது.’ டூப்பு மெய்யாலுமாம்க்கா!”

அக்கா என் கன்னத்தில் செல்லமாக ஒரு அறை விட்டார். விட்ட கையாலேயே இழுத்துக் கட்டிக்கொண்டார். முந்தானையில் இருந்த குண்டூசி என் தோளில் குத்தியது. இருக்கட்டும் என்று நான் நகரவே இல்லை.